மழைக்கு நடு விலை

எங்கள் அப்பா கரிசலில் உளுந்து விதைப்பவர். அம்மாவின் அண்ணன், என் மாமா, அதே ஊரில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். அப்பாவுக்கு மழை வேண்டும். மாமாவுக்கோ, களத்தில் பரப்பிய குச்சி காய வெயில் வேண்டும். இருவரும் கும்பிடுவது ஒரே காளியம்மனை. ஆத்தா யாருக்குச் செவி கொடுப்பாள் என்பது எனக்குப் பெரிய குழப்பம்.

மாமாவிடமே கேட்டேன். அவருக்கு உலகத்தில் எல்லாமே சந்தைதான். பஸ் கூட்டத்துக்கும் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அதே விளக்கம்தான் சொல்வார்.

"ஏட்டி மருமவளே, விக்கிறவன் ஏத்திச் சொல்லுவான், வாங்குறவன் எறக்கிக் கேப்பான். இழுபறியில நடுவுல ஒரு வெல நிக்கும். யாரும் நிறுத்த வேண்டாம், தன்னால நிக்கும். மழையும் அப்படித்தான்."

அந்த வருஷம் அப்பா மேகத்தை நம்பிப் புழுதியிலேயே விதைத்திருந்தார். வீட்டில் இருந்த விதையெல்லாம் மண்ணுக்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாமாவோடு கோயிலுக்குப் போனேன். அவர் சூடம் ஏற்றிக் கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுத்தார். வெயில் பக்கம் கை ஓங்குகிறதே என்று பயந்து, நான் "மழை, மழை" என்று மூச்சுவிடாமல் வேண்டினேன்.

மறுநாள் சாயங்காலம் தூறியது. மண்வாசனை அடங்குவதற்குள் நின்றும் போனது. அப்பா புஞ்சையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"மேமண்ணுதான் நனைஞ்சிருக்கு. இந்த ஈரத்துல மொளச்சிட்டு, அடுத்த வெயில்ல கருகிரும்."

நடு விலை! மாமா சொன்னபடியே நின்றிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும்தான் உதவவில்லை. அதைச் சொல்ல மாமா வீட்டுக்கு ஓடினேன். அங்கே அத்தை நனைந்த குச்சிகளைச் சாக்கில் அள்ளியபடி மாமாவை வைதுகொண்டிருந்தாள்.

"களத்துல குச்சியப் பரப்பிப் போட்டுட்டு, கோயில்ல போயி மழை கேட்ட மனுசன இன்னைக்குத்தான் பாக்கேன்!"

"தங்கச்சி புழுதியில வெதச்சிட்டு வானத்தப் பாத்து நிக்கால்லா," என்றார் மாமா. "குச்சி கெடக்கட்டும்."

எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் எல்லாரும் ஒரே பக்கம் நின்றல்லவா கேட்டிருக்கிறோம்? வெயில் பக்கம் இழுத்தது யார்? நடுவில் நிறுத்தியது யார்?

முளை கருகித்தான் போனது. மறு விதைப்புக்கு மாமாவே உளுந்து மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். அப்பா ஒரு முனையைப் பிடித்து இறக்கினார்.

"இது எந்தப் பக்கத்துக் கணக்கு மாமா?" என்றேன்.

"கேள்விய விட்டுட்டு சைக்கிளப் பிடிட்டி, சாயுது."

பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு விளங்கவில்லை. இன்றும், மழை வேண்டிக் கைகூப்பும்போது, எந்தக் களத்தில் யாருடைய குச்சி காய்கிறதோ என்று நினைப்பு வந்துவிடுகிறது. "ஆத்தா, உனக்குத் தெரியும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.