நாற்றைப் பறித்த பிறகு பேசிய கூலி

கயல், பாரி... நேற்று சாயங்காலம் கேட்டீர்களே, "ஏம்ப்பா, கலியபெருமாள் பெரியப்பா நம்மளப் பார்த்தும் பைக்கை நிறுத்தாமப் போறாரு?" என்று? 'ஏதோ அவசரம்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவசரம் எல்லாம் இல்லை. கோபம்.

காரணத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் எழுதிவிடுகிறேன். வாராவாரம் படிக்கிற மற்ற பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

முந்தாநாள் நீங்கள் ஸ்கூல் வேன் ஏறிய கையோடு நான் வயலுக்குப் போனேன். முதல் நாளே ஆம்பளை ஆட்களை வைத்து நாற்றைப் பறித்து, கட்டுக் கட்டாக வயல் முழுக்க வீசியாயிற்று. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அன்று ராத்திரியோடு நம் முறை முடிகிறது. அப்புறம் மடையைத் திருப்பிவிடுவார்கள்.

பறித்த நாற்று காத்திருக்காது. ஒரு பகல் தாங்கும். அதற்கு மேல் போனால் நட்டாலும் பச்சை பிடிக்காது. அம்மாவின் சங்கிலி பேங்கில் அடகில் இருக்கிறது அல்லவா? அதுதான் நாற்றாக மாறி வயலில் கிடந்தது.

நடவுப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் வயலில் இறங்கவில்லை. வாய்க்கால் கரையில், அந்தத் தகர போர்டின் நிழலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

எந்த போர்டு என்கிறீர்களா? நம் வாய்க்காலைத் தூர்வாரியதற்காக அரசாங்கம் வைத்தது. திட்டத்தின் பெயர், செலவு, நீளம் எல்லாம் பெயிண்டில் பளிச்சென்று இருக்கும். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் அப்படியே இருக்கும்! ஆனால் போர்டு உறுதி. போன புயலில் தென்னை சாய்ந்தது, போர்டு அசையவில்லை. அத்தனை செலவில் எங்கள் வயலுக்கு வந்து சேர்ந்த பலன் அந்த நிழல்தான்.

"என்னக்கா, இறங்கலையா? வெயில் ஏறுது" என்றேன்.

நடவு செட்டுக்குத் தலைவி, நம் தெருக்கோடி பாக்கியம் அக்கா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "கூலியைப் பேசிட்டு இறங்குவோம் தம்பி."

"பேசுனதுதானே?"

"அது போன வருசம் பேசுனது. பக்கத்து ஊர்ல ஆளுக்கு அம்பது ரூவா ஏத்திட்டாங்க. நீங்களும் ஏத்துங்க."

"நாத்தைப் பறிச்சுப் போட்ட பிறகா கேக்குறது?"

"பறிக்கறதுக்கு முன்னாடி கேட்டா, பறிச்சிருப்பீங்களா தம்பி?"

பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் வந்தது. சிரித்தால் ஐம்பது ரூபாய் போச்சே என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. விவசாயம் செய்கிற யாரும் கூலியைப் பேசி முடித்துவிட்டுத்தான் நாற்றங்காலில் கை வைப்பார்கள். நம் தெரு ஆட்கள்தானே, எங்கே போய்விடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்!

என் கணக்கைச் சொன்னேன். உழவு, டீசல், உரம், கோயில் குத்தகை, பேங்க் வட்டி... மூச்சு வாங்கச் சொன்னேன். கொஞ்சம் கண்ணீர் கலந்தும் சொன்னேன்.

"உரக் கடைக்காரர்கிட்ட இப்படிப் பேரம் பேசுனீங்களாண்ணே?" என்றாள் சுமதி. செட்டிலேயே சின்னவள், வாய் மட்டும் பெரிசு.

"அதெப்படிப் பேச முடியும்? மூட்டையிலேயே விலை அச்சடிச்சிருக்கே!"

"அப்ப எங்க முதுகுலயும் அச்சடிச்சுக்கிட்டு வர்றோம்."

மறுபடி சிரிப்பு. நான் விடவில்லை. "அதான் அரிசி ஃப்ரீ, பஸ் ஃப்ரீ, மாசமானா பணம் வேற போடுறாங்கல்ல?"

"பஸ்ஸு ஃப்ரீதான். ஏறி கும்பகோணம் போனா ஜவுளிக் கடைக்காரன் ஃப்ரீயா குடுக்குறானா? நூறு நாள் வேலைக் காசு இன்னும் ஏறலை. செல்லைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு."

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போயிருந்தால் எப்படியாவது முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து கலியபெருமாள் அண்ணனின் பைக் வந்து நின்றது.

சிரிப்பு நின்றது.

நம் ஊரில் அதிக நிலம் வைத்திருப்பவர் அவர். டிராக்டர், அறுவடை மெஷின் இரண்டுக்கும் நாம் அவரிடம்தான் போய் நிற்கிறோம். கெட்டவர் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்னைத் தனியே அழைத்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சொன்னார்: "குனிஞ்சிடாதப்பா. உனக்கு ஆறு மா, ரெண்டு ஏக்கர்தான். எனக்கு இருபது ஏக்கர். இன்னைக்கு நீ ஏத்துனா, நாளைக்கு என் வரப்புல வந்து இதையேதான் கேப்பாங்க. நெல்லு விலையை நாமளா வைக்கிறோம்? கொள்முதல் நிலையத்துல சொன்ன விலைதானே? அது ஏறாம கூலி மட்டும் ஏறுனா எங்கே போறது, சொல்லு."

அவர் சொல்வதும் நியாயம்தானே?

பிறகு செல்போனை எடுத்தார். "ஒரு போன் போட்டா மதியத்துக்குள்ள வேன் வந்துரும். வெளியூர் ஆளு. இவங்க கேக்குறதுல பாதி. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

பாக்கியம் அக்கா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"வரட்டும் தம்பி. நாங்க வரப்புலதான் உட்கார்ந்திருப்போம். இந்த ஊர் வயல்ல வெளியூர் ஆளை இறக்குனா என்ன ஆகும்னு உங்க அப்பாரைத்தான் கேக்கணும். அவரு இல்ல."

பிள்ளைகளே, உங்கள் பாடப் புத்தகத்தில் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து நிலமெல்லாம் சிலர் கையில் இருந்த காலம். கூலி ஆட்கள் அறுப்புக் கூலியில் இன்னும் கொஞ்சம் நெல் கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள்! கொடுப்பதற்குப் பதில் நிலக்காரர்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்தவர்களும் ஏழைகள்தான். மறித்தவர்களும் ஏழைகள். மண்டை உடைந்தது, குடிசை எரிந்தது, போலீஸ் வந்தது. உங்கள் தாத்தா மறித்த பக்கம் நின்றார். ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்து பல காலம் அலைந்த பிறகுதான் இந்தக் கோயில் நிலம் அவர் பெயரில் குத்தகைக்குப் பதிவானது.

அந்த நிலத்தின் வரப்பில், இப்போது கூலி கொடுக்கிற பக்கம் நான் நிற்கிறேன். குத்தகை கட்டும்போது குடியானவன், கூலி கொடுக்கும்போது முதலாளி. காலையும் மாலையும் அதே ஆள்தான்!

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கிடந்த நாற்றுக் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இலை நுனி சுருள ஆரம்பித்திருந்தது. கலியபெருமாள் அண்ணன் போனைக் காதில் வைத்துவிட்டார். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கே கேட்டது.

வேன் வந்தால் நடவு முடியும். சங்கிலி தப்பிக்கும். அதற்கப்புறம்? பாக்கியம் அக்கா வாசலைத் தாண்டித்தானே நான் தினமும் வீட்டுக்கு வரவேண்டும்? நீங்கள் தினமும் ஸ்கூலுக்குப் போகவேண்டும்?

"போனை வைங்கண்ணே" என்றேன்.

"யோசிச்சுதான் சொல்றியா?"

"வைங்கண்ணே. நான் குடுத்துடறேன்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "சரி. அறுப்புக்கு என் மெஷினை நம்பாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

பாக்கியம் அக்கா நன்றி எல்லாம் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினார். இறங்கிய பிறகுதான் திரும்பினார்.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடறோம் தம்பி. டீயோட வடை உண்டுல்ல?"

"வடையையும் ஏத்தியாச்சா?"

"அது போன வருசம் பேசுனதுதான். நீங்கதான் மறந்துட்டீங்க!"

முடித்தார்கள். நாற்று பிழைத்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்பீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: விலை எழுதி வருகிற எல்லாவற்றுக்கும் நான் வாய் பேசாமல் பணம் கொடுத்திருக்கிறேன். எதிரே நின்று பேசக்கூடிய ஆளிடம் மட்டும்தான் பேரம் பேசியிருக்கிறேன். அரசாங்கம் நெல்லுக்கு விலை வைக்கும், கம்பெனி உரத்துக்கு விலை வைக்கும். நானும் பாக்கியம் அக்காவும் வரப்பில் நின்று அடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது அந்த ஐம்பது ரூபாய்தான்.

அது எங்கிருந்து வரும் என்று கேட்கிறாயா பாரி? பொங்கலுக்குச் சொல்லியிருந்த சைக்கிளிலிருந்து வரும். கோபித்துக்கொள். இரண்டு நாள் பேசாமல்கூட இரு. ஆனால் யார்மேல் கோபப்படவேண்டும் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோபப்படு.

எல்லாரும் கரையேறிப் போன பிறகு நான் மட்டும் வரப்பில் நின்றேன். எங்கள் ஊர் விவசாயிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கலியபெருமாள் அண்ணன் சொல்லி எப்படியும் எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது. இருந்தாலும், என் வாயால் தெரியட்டும் என்று தோன்றியது. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு டைப் அடித்தேன்: 'இன்று என் வயலில் நடவுக் கூலி ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுத்தேன்.' அழித்தேன். மறுபடி அடித்தேன். கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. போனை அணைக்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முறைத் தண்ணீர் நிற்பதற்குள் மடையைத் திறந்துவிட இறங்கினேன்.