என் முகத்தில் விளைந்த கடுகு

கோடையில் வர வேண்டிய அம்மை எனக்குக் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. ஆத்தாளுக்கு என்ன அவசரமோ. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெயில் கடுகு வெடித்தால் அவளுக்குக் கோபம் வரும். அதனால் என்னைவிட அதிகம் வாடியது எங்களோடு இருந்த மாமாதான், அம்மாவின் தம்பி. கடுகு மிதக்காத ரசத்தை அவர் ரசமென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அக்கா, இது ரசமா, கழனித்தண்ணியா?"

"வாயப் பொத்துடா. ஆத்தா காதுல விழுந்தா ஒன் மேல ஏறிக்கிருவா."

தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, மதியம் தாளிதம் உண்டென்று மாமா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நானும் அன்றுதான் வெளியே போனேன். அடிகுழாயில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி மகள் என் முகத்துத் தழும்புகளைப் பார்த்தாள்.

"ஏ, பணியாரச்சட்டி வருதுடீ!"

வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அம்மா கெஞ்சினாள், அப்பா அதட்டினார். தெருவும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றுவிட்டேன். பள்ளிக்கூடம் வேண்டாமென்பதற்கு என்னிடம் வேறு காரணங்களும் நிறைய இருந்தன, அது வேறு விஷயம்.

மதியம் அம்மா அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் கடுகுக் கிண்ணம் காலி.

"எலி தின்னுருக்கும்க்கா," என்றார் மாமா. அன்றைக்கும் மூச்சுக் காட்டாமல் அந்தக் கழனித்தண்ணியையே குடித்தார்.

சில நாள் கழித்துக் கொல்லையிலிருந்து கத்தினார். "ஏ புள்ள! ஒன் அம்மைப் பொருக்கெல்லாம் மொளைச்சிருக்கு, வந்து பாரு!"

துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். எனக்கு ஊற்றிய வேப்பிலைத் தண்ணீர் வடிந்தோடிய ஈரமண் நெடுக, இரண்டிரண்டு இலையாகப் பச்சைக்குஞ்சுகள்.

"ஆத்தா ஒன் மேல இருந்து எறங்குன தண்ணி, சும்மா போகுமா? நீதான் தண்ணி ஊத்தணும். வேற ஆளு ஊத்துனா கருகிப்போகும்."

உதிர்ந்த பொருக்கும் கறுப்பாக, கடுகளவில்தான் இருந்தது. நம்பிவிட்டேன். தினமும் குடத்தோடு அடிகுழாய்க்குப் போக வேண்டியதாயிற்று. முக்காடு குடத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஒருநாள் அதைக் கழற்றி எறிந்தேன். அதற்கப்புறம் இந்த முகத்தை நான் யாருக்கும் மறைத்ததில்லை.

தை பிறந்தபோது செடி என் தோளுயரம், தலையெல்லாம் மஞ்சள் பூ. பார்க்க வந்த கூட்டத்தில் பணியாரச்சட்டி என்றவளும் இருந்தாள்.

"எம் மூஞ்சியில வெளைஞ்சது," என்றேன்.

"எனக்கு எப்பிடி அம்மை வரும்டீ?" என்று ஏக்கமாகக் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் குடுத்து வைக்கணும்."

மாசியில் காய்ந்த செடியை அம்மா துணியில் போட்டுத் தட்டினாள். கறுகறுவென்று கொட்டியது.

"மாமா, கடுகு மாதிரியே இருக்கு?"

"ஆத்தா கடுகாத்தான் குடுப்பா. பின்ன, மெளகாவாக் குடுப்பா?"

அன்று ரசத்தில் அது வெடித்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்.

"பெட்டிய நல்லா மூடி வையிக்கா. எலி வந்துறப் போகுது."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். நான் எழுந்து மூலை முடுக்கெல்லாம் தேடினேன். அந்த எலி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு, விரல் நக்கிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு அது மாமாவாக மட்டுமே தெரிந்தது.