என் பெயர் வெளியே வரக் கூடாது என்று வேண்டினேன்

ஐம்பத்தாறாம் வருஷம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த மாதம். நம் தீவின் வடக்கே, ரிவியேர் டு ராம்பார் பக்கம் ஒரு நார் ஆலையில் மாணிக்கம் என்பவரின் வலது கை மிஷினுக்குள் போய்விட்டது. போர்ட் லூயியில் என் ஆபீஸுக்கு டெலிபோனில் செய்தி வந்தது. கேட்டவுடன் முருகனிடம் நான் வைத்த முதல் வேண்டுதல் என்ன என்பதை இந்தக் கோயிலில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். இந்த வருஷக் காவடி விரதம் தொடங்கும் முன் உங்களிடமும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தரகன். முப்பத்தேழில், தோட்டங்களில் கலவரம் நடந்த காலத்தில், ஒரு லாரிக் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினேன். லாரி, பஸ், டிராக்டர், ஆலை மிஷின் என்று எதையாவது தவணைக்கு வாங்க விரும்புகிறவரையும், அதற்குப் பணம் போடும் கம்பெனியையும் சேர்த்து வைப்பது என் வேலை. கம்பெனிக்காரர்கள் கிராமத்துக்கு வர மாட்டார்கள். நான்தான் போவேன். பொருளைப் பார்த்து, 'எல்லா பாகமும் சரியாக உள்ளது, ஓட்டிப் பார்த்தேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தாளை நம்பித்தான் பணம் வரும். என் கையெழுத்துக்கு மதிப்பு இருந்தது. எனக்கு அதில் கர்வமும் இருந்தது.

சுப்பையா என்னைத் தேடி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பல வருஷம் கூலி வேலை செய்து, கற்றாழை நார் எடுக்கும் பழைய மிஷின் ஒன்றை வாங்கத் துணிந்தார். சர்க்கரை மூட்டை தைக்க நார் தேவைப்பட்ட காலம். அந்த மிஷினில் மடலை ஒருவர் கையால் உள்ளே கொடுக்க வேண்டும். உள்ளே கத்தி பதித்த உருளை சுற்றும். சதையைச் சுரண்டிவிட்டு நாரை மட்டும் விடும். கை உள்ளே போய்விடாமல் வாயருகே ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும்.

இந்த மிஷினில் தடுப்பு இல்லை. அது இருந்தால் வேலை மெதுவாகும் என்று முன்பு வைத்திருந்தவர் கழற்றிவிட்டார். நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தடுப்பை மாட்டியிருந்த இரண்டு துளைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

குறையை எழுதினால் கம்பெனி அதைச் சரிசெய்யச் சொல்லும். மறுபடியும் அவ்வளவு தூரம் போக வேண்டும். அன்று சனிக்கிழமை, குரேபீப்பில் என் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். மழை வேறு வரும்போல் இருந்தது. காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து, எல்லா பாகமும் சரியாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்கு நேரத்தில் போய்விட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் அந்த டெலிபோன் வந்தது. சுப்பையாவிடம் கூலிக்கு அந்த மிஷினில் மடல் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான் மாணிக்கம்.

நான் என்ன வேண்டினேன் தெரியுமா? மாணிக்கம் பிழைக்க வேண்டும் என்று அல்ல. அவர் கை திரும்ப வேண்டும் என்று அல்ல. "முருகா, என் பெயர் இதில் வெளியே வரக் கூடாது. வராமல் காப்பாற்று, உனக்குக் காவடி எடுக்கிறேன்." இதுதான் என் வாயிலிருந்து வந்தது. டெலிபோனைக் கீழே வைக்கக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். மாணிக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முப்பது வயது இருக்கும். வராந்தாவில் சுப்பையா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"போலீஸ் வந்து கேட்டாங்க அண்ணே. அந்த இரும்பு எங்கேன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? நீங்க வந்து பாத்தீங்க, சரியா இருக்குன்னீங்க. அதனால அது இல்லாத மிஷின்தான்னு நினைச்சேன்."

"போலீஸ்கிட்ட அப்படிச் சொன்னியா?"

"நோன், நோன். இல்லண்ணே. உங்களை எதுக்கு இழுக்கணும்? நீங்க எனக்கு நல்லது செஞ்சவரு. நான்தான் கழட்டிட்டேன்னு எழுதிக்கிட்டாங்க. எழுதட்டும்."

பேசியபோது அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டது. என் பெயர் வரவே இல்லை. அவர் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் வழக்குப் போட்டது. சுப்பையா சிறைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். நான் ஆபீஸுக்குப் போனேன், லாரிகளுக்குக் கையெழுத்துப் போட்டேன், வாரம் தவறாமல் கோயிலுக்கும் வந்தேன்.

தைப்பூசம் வந்தது. நேர்ந்துகொண்டபடி விரதம் இருந்தேன். ஆற்றங்கரையில் காவடி கட்டி, நாக்கில் அலகு குத்திக்கொண்டேன். காவடியின் இரண்டு பக்கமும் பால் செம்பு. விரதத்தில் குற்றம் இருந்தால் வழியிலேயே பால் திரிந்துவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். நல்ல வெயில். தார் ரோடு கொதித்தது. ஒவ்வொரு அடியிலும், இன்று முருகன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்றே நடந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நடக்க வேண்டும் என்று கொஞ்சம் ஆசைப்பட்டேன்.

பூசாரி செம்பைத் திறந்தார். பால் வெள்ளையாக, கறந்தது போல் இருந்தது. சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டார்கள்.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வேலையை எனக்கே விட்டு வைத்திருந்தான்.

அலகை எடுத்து, விபூதி வைத்து, மரத்தடியில் உட்கார்ந்தேன். சுப்பையாவின் மனைவி தைலம்மா வந்து என் காலைத் தொட்டார்.

"அண்ணே, உங்க பால் திரியல. சாமி உங்க பேச்சைக் கேக்கும். திங்கக்கிழமை கோர்ட்டு. எங்க வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க."

நாக்கு வலித்தது. பேசாமல் இருக்க அது நல்ல சாக்கு. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வீட்டு சாமி அறையில் என் மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துளைகள், கல்யாணம், தாள், டெலிபோன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்தக் காவடி யாருக்காக எடுத்தீங்க?"

அவள் எழுந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். "இப்பவாவது ஒழுங்கா ஒண்ணு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். "முருகா, எனக்கு வாயைக் கொடு. திங்கட்கிழமை ஒரு நாளைக்குக் கொடு. அதற்கப்புறம் நீ எதை எடுத்துக்கொண்டாலும் சரி." அழுகை வந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்காக இல்லாமல் வேண்டினேன் என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். அதிலும் எனக்காகக் கொஞ்சம் இருந்தது.

கோர்ட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை காரை நிறுத்தினேன். ஒரு தடவை திருப்பியும்விட்டேன். எப்படி மறுபடியும் கோர்ட்டு வாசலுக்கு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அது என் தைரியம் அல்ல. என் தைரியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

சுப்பையாவின் வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். மாஜிஸ்ட்ரேட் இங்கிலீஷில் கேட்டார். நான் இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டும் பேசித் தொழில் செய்தவன். அந்த நேரத்தில் இரண்டும் வரவில்லை. தீவில் எல்லோரும் பேசும் கிரியோல்தான் வந்தது. "மோ தி கோஸ் மாந்தி" என்றேன். நான் பொய் சொன்னேன். தடுப்பு இல்லை என்று தெரிந்தும் இருப்பதாக எழுதினேன். இந்த மனிதர் எதையும் கழற்றவில்லை.

சுப்பையா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. மாணிக்கம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

சுப்பையாவை விட்டுவிட்டார்கள். எல்லோர் முன்னும் மாஜிஸ்ட்ரேட் என்னைக் கண்டித்தார். அபராதமும் கட்டினேன். கம்பெனிகள் கதவை மூடின. ஒன்றரை வருஷம் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதினேன். என் மனைவி தையல் தைத்தாள். பிறகு ஒரு சின்னக் கம்பெனி முதலாளி கூப்பிட்டனுப்பினார். "யாரும் கேக்காம நீயே வந்து சொன்னேன்னு கேள்விப்பட்டேன். இனி எனக்கு மிஷின் பாத்துக் கொடு" என்றார். அப்படித்தான் மறுபடியும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்று, மிஷினை ஓட்டுகிறவர் பக்கத்தில் நின்று, அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வரும் தொழில் பாதியாகக் குறைந்தது. குறையட்டும்.

மாணிக்கத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன். அதை உதவி என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சாமிகிட்ட கேளுங்க மிஸ்யே. அவரு கொடுப்பாரு. என்கிட்ட இப்போ கேக்காதீங்க. இல்லாத கை இன்னும் ராத்திரியில வலிக்குது."

அவர் சொன்னது நியாயம். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. மாதம் ஒரு தடவை போகிறேன். டீ கொடுக்கிறார். குடித்துவிட்டு வருகிறேன்.

அடுத்த வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் என்கிறார்கள். எல்லோரும் எதையாவது வேண்டிக்கொண்டிருக்கிறோம். அன்பர்களே, முருகன் கேட்டதைக் கொடுக்கிறவன். என்னை ஒளித்து வை என்று கேட்டேன், ஒளித்து வைத்தான். அந்த ஆறு மாதத்தைப் போல ஒரு நரகத்தை நான் பார்த்ததில்லை. வாயைக் கொடு என்று கேட்டேன், அதையும் கொடுத்தான். அதற்காகத் தினமும் அவனுக்கு நன்றி சொல்கிறேன். உங்களில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு இந்த வருஷம் விரதம் தொடங்கினால், பாலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நேராக அவனிடம் போய், சொல்ல வாயைக் கொடு என்று கேளுங்கள். கோர்ட்டு வாசல் வரைக்கும் கூடவே வருவான்.