வலது பக்கம் ஒன்றரை அங்குலம்

ஓட்டல்களின் பின்வாசலில் நிற்கும் காவலாளிகள் எல்லோருக்கும் அவள் பெட்ஷீட் அக்கா. அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போவாள், துவைத்து மடித்ததைக் கொண்டுவந்து இறக்குவாள். நாற்பத்தாறு வயது. பதினேழு வருடம் ஒரு சலவைக்கூடத்தில் நின்ற இடத்தில் நின்று இஸ்திரி போட்டவள். கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு, அதே கூடத்தின் வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் இந்தத் தொழிலைத் தானே செய்யலாம் என்று அன்றிலிருந்து ஒரு நினைப்பு.

அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தான். வீடும் அவன் கையில்தான் இருந்தது.

"வீட்டை நடுவுல கோடு போட்டு வெட்டவா முடியும்?" என்றான். "உனக்கு வேண்டியது வண்டிதானே. என் பிக்கப்பை எடுத்துக்கோ. நாலு வருஷம்தான் ஓடியிருக்கு. கல்லு மாதிரி இருக்கு."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் உனக்குக் கெடுதல் நினைப்பானா? வாங்கிக்கோ" என்றாள்.

வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழுதியிருந்ததைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததாக அவளே பிறகு சொன்னாள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

சாய்வை முதலில் காட்டிக் கொடுத்தது தண்ணீர். துவைத்து உலர்த்தக் கொண்டுபோகும் ஈர விரிப்புகளிலிருந்து வடியும் தண்ணீர் எப்போதும் வண்டித் தொட்டியின் வலது பின்மூலையில்தான் தேங்கும். பிறகு அடுக்கிய கட்டுகள் வலது பக்கம் சரிய ஆரம்பித்தன. ஓர் ஓட்டல் காவலாளி கேட்டான், "என்னக்கா, வண்டிக்கு இடுப்பு பிடிச்சிருக்கா?"

டயர் கடையில் காற்றைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"நீ ஒரு பக்கமாவே லோடு ஏத்தறே. அதான் சாயுது. வண்டி ஓட்டினா மட்டும் போதுமா, ஏத்தவும் தெரியணும்" என்றான்.

அவள் அதை நம்பினாள். ஒரு மாதம் மூட்டைகளை எண்ணி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தாள். சாய்வு அப்படியே இருந்தது. ஒரு மழை நாளில், முழு லோடோடு ஒரு வளைவில் திரும்பும்போது, பின்பக்கம் வலதுபுறமாகத் தொப்பென்று அமுங்கியது. வண்டி எதிர்த்தடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. எதிரே யாரும் வராததால் பிழைத்தாள். ஓரமாக நிறுத்தி, சரிந்த மூட்டைகளை நிமிர்த்திக் கட்டினாள். லோடை இறக்கிவிட்டு நேராக, வண்டியின் எடையைத் தாங்கும் கமான் பட்டைகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனாள்.

பட்டறைக்காரர் குட்டையான மனிதர். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. காலி வண்டியை சிமென்ட் தரையில் நிறுத்தச் சொல்லி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு ஓரம்வரை டேப் வைத்து அளந்தார். இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒன்றரை அங்குலம் குறைவு.

"கமான் பட்டை செத்துப்போச்சு. வலது செட்டை மாத்திடுவோம்" என்றார். மாற்றினார். மறுநாள் அவள் மறுபடியும் வந்து நின்றாள். கால் அங்குலம்தான் ஏறியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ரோட்டைக் குறை சொல்லியிருப்பார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருங்க" என்று சொல்லி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, இடது பட்டை செட்டை வலதிலும் வலது செட்டை இடதிலும் மாட்டினார். கோளாறு பட்டையில் இருந்தால் சாய்வும் கூடவே பக்கம் மாற வேண்டும். வண்டியை இறக்கினார். சாய்வு வலது பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"பட்டை மேல தப்பு இல்லம்மா. பட்டையைத் தாங்கற இடத்துல தப்பு."

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே போனார். பிறகு ஸ்க்ரூடிரைவரால் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது.

"நீங்களே வந்து பாருங்க" என்றார்.

அவள் அட்டையை விரித்து அவர் பக்கத்தில் படுத்தாள். பட்டையின் முன்நுனியை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்திருக்கும் கொக்கி, இடது பக்கம் கம்பெனி அடித்த ரிவிட்டோடு இருந்தது. வலது பக்கம் ரிவிட்டே இல்லை. தார் போன்ற கறுப்புப் பெயின்டைச் சுரண்டிய இடத்தில், வெல்டிங் வரிவரியாகத் தெரிந்தது. சேஸிஸையே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஒட்டி, மேலே ஒரு தகடு வைத்து மூடியிருந்தார்கள். ஒட்டியபோது கொக்கி இரண்டரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. பட்டையின் ஒரு நுனி அவ்வளவு ஏறினால், வண்டி அதில் பாதி இறங்கும். மீதிக்குத்தான் பட்டை காரணம்.

"வண்டி கவுந்திருக்கு. சேஸிஸ் கம்பி முறிஞ்சிருக்கு. பூசி மெழுகி உங்க தலையில கட்டிட்டாங்க" என்றார். "யாருகிட்ட வாங்கினீங்க?"

அவள் முகத்தில் விழுந்த துருவைக்கூடத் துடைக்காமல் படுத்திருந்தாள். அவருக்கு அந்த வெல்டிங்கைப் பார்த்ததும் அதை ஒட்டிய ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டதால் போன் போட்டார். அந்த வெல்டர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஆமா, டைல்ஸ் கடைக்காரர் வண்டி. இது நிக்காது, கம்பியை மாத்திடலாம்னு சொன்னேன். விக்கத்தான் போறேன், நிமிந்து நின்னா போதும்னாரு. அதுகூடச் சரியா நிக்கலையா?"

தேதியையும் சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டதற்கு மூன்று வாரம் முன்னால்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அம்மா கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கடைக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டி கவுந்ததை ஏண்ணா சொல்லல?"

அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "சொல்லலைன்னு யார் சொன்னா? அம்மாகிட்ட சொன்னேனே. அவ உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். கத்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா."

"ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொன்னான்" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "ஓடத்தானே செய்யுது."

"மழையில செத்துப்போகப் பார்த்தேன்."

"அதான் ஒண்ணும் ஆகலையே. அவனுக்கு மூணு பிள்ளைங்க. வீட்டைப் பிரிச்சா எங்க போவான்? நீ ஒண்டி ஆளு. எப்படியும் பிழைச்சுக்குவே."

அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனான். அவளுக்கு அண்ணன் மேல் வந்த கோபம் பெரிதில்லை. அவன் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தான் கையெழுத்துப் போட்ட நேரத்தில், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாம் தெரிந்தும் சட்டை மடித்துக்கொண்டிருந்தாளே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வண்டி ஐந்து நாள் பட்டறையில் கிடந்தது. தொட்டியைக் கழற்றி இறக்கினார்கள். ஒட்டுப்போட்ட துண்டை வெட்டி எறிந்தார்கள். வளைந்திருந்த சேஸிஸைச் சூடாக்கி, சங்கிலி போட்டு இழுத்து நேராக்கினார்கள். இடது பக்க அளவைப் பார்த்துப் பார்த்து வலது பக்கத்துக்குப் புதுத் துண்டு சேர்த்து, கொக்கியை அதன் இடத்தில் போல்ட் போட்டார்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று இருந்தால் மறுபடி உயரம் மாறும் என்று பழைய செட்டையும் மாற்றினார்கள். போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்குவதற்கு முன் வண்டியைத் தரையில் இறக்கி, தன் எடையில் நிற்கவிட்டார் பட்டறைக்காரர். தொங்கவிட்டு முறுக்கினால் பட்டை நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு பொய் உயரம் காட்டும் என்றார். பிறகு டேப்பை அவள் கையிலேயே கொடுத்தார். அளந்தாள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

அதற்குள் அவளுடைய பெரிய ஓட்டல் வேறு ஆளைப் பிடித்துவிட்டது. "அஞ்சு நாளா விரிப்பு இல்லாம ரூம் எப்படி விடறது? எங்க நிலைமையையும் பாருங்க" என்றார் மேனேஜர். சின்ன ஓட்டல்கள் நான்கு மிஞ்சின. முன்பு மத்தியானம் முடிந்த வேலை இப்போது பதினோரு மணிக்கே முடிந்தது. மீதி நேரத்துக்குப் பழைய சலவைக்கூடத்திலேயே இஸ்திரி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. எட்டு மாதம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. முழங்காலில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். அண்ணன் சரக்கு எடுக்க வெளியூர் போய்விட்டான். கார் சீட் தாழ்வாக இருக்கும், காலை மடக்க முடியாது. பிக்கப் சீட்தான் வசதி.

போனாள். வராண்டாவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸிடம் அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள். "இது என் பொண்ணு. சொந்த வண்டி. அவ அண்ணன் வாங்கிக் குடுத்தான்."

அவள் அம்மாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தாள். காலை நீட்ட இடம் செய்து கொடுத்தாள். பெல்ட்டை மாட்டினாள். பள்ளங்களில் வண்டியை மெதுவாகவே இறக்கி ஏற்றினாள்.

பாதி வழியில் அம்மா கேட்டாள், "இன்னும் என்மேல கோபமா?"

"காலை மடக்காம வெச்சுக்கோ."

"அவன்கிட்ட இதையெல்லாம் திரும்பப் பேசாதே. மனசு கஷ்டப்படுவான்."

அவள் கண்ணாடியைப் பார்த்து, தடம் மாற்றினாள். அம்மாவின் கை வந்து அவள் கைமேல் படப் பார்த்தது. கியரைப் போட வேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தாள். அம்மாவை இறக்கி, வாக்கரில் நிற்கவைத்து, மாத்திரைப் பையை அண்ணியிடம் கொடுத்தாள். எந்த மாத்திரை எப்போது என்று இரண்டு தடவை சொன்னாள்.

"உள்ள வந்து தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்றாள் அண்ணி.

"இஸ்திரிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.