முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

கலிஸ்ராவைப் போல ஒரு பெண்சாதி கிடைக்க இராயப்பு கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று உடையார்கட்டில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கச் சொன்னது. நானும்தான் சொன்னேன், என் வாய் சும்மா கிடக்குமா? அவர்கள் முல்லைத்தீவுக் கரையோரத்து ஆட்கள். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வந்து எங்கள் வளவு மூலையில் தரப்பாள் கொட்டில் போட்டிருந்தார்கள். நாங்கள் வயல்காரர், அவர்கள் கடல்காரர். ஆனாலும் கலிஸ்ரா குசினிப் பக்கம் வந்து நின்று கதைக்கத் தொடங்கினாளென்றால் எனக்கு அடுப்பில் சோறு கரிவதும் தெரியாது.

இராயப்பு வீச்சுவலைக்காரர். சைக்கிளில் நந்திக்கடலுக்குப் போய்க் கரையோரத் தண்ணீரில் நின்று எறிவார். வலை அப்பளம் மாதிரி வட்டமாக விரிந்து விழும். அதில் அவருக்கு ஒரு எடுப்பும் பெருமையும் இருந்தது. "அக்கா, வலை விழுறதைப் பாத்தே எறிஞ்சவன் எப்பிடி நிக்கிறான் எண்டு சொல்லிப்போடலாம். கால் ரெண்டும் சரியாய் ஊண்டாதவன்ரை வலை கோணித்தான் விழும்" என்பார். மீன்பாடு இல்லாத ஒரு நாள் விறகுக்கென்று காட்டுக்குப் போனார். மிதிவெடி. வலது கால், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

முழங்கால் தப்பியிருந்தது. அது பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். முழங்கால் நீண்டு மடங்கினால் பொய்க்கால் போட்டு நடக்கலாம், நின்று வலையும் எறியலாம். அதற்காகத்தான் கமலாசனி மிஸ் வந்தாள். எக்சசைஸ் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. பயிற்சி முடித்து வந்த புதுசு. இடிந்த றோட்டில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவாள்.

"அக்கா, இதை மட்டும் மறந்து போகாதேங்கோ" என்று முதல் நாளே கலிஸ்ராவிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன். "முழங்காலுக்குக் கீழை தலகணி, துணி ஒண்டும் வைக்கக் கூடாது. அவருக்கு அது சுகமாய்த்தான் இருக்கும். ஆனால் மடங்கின காலை அப்பிடியே விட்டால் இறுகிப்போடும். இறுகினால் பொய்க்கால் போட ஏலாது. குப்புறப் படுக்க விடுங்கோ. நீட்டி அமத்திப் பிடியுங்கோ. நோகும், கத்துவார். விடாதேங்கோ."

"ஓம் மிஸ்" என்றாள் கலிஸ்ரா.

சொல்வது லேசு. காலை நீட்டிப் பிடித்ததும் இராயப்பு போட்ட சத்தத்தில் எங்கள் மாடே வெருண்டது. "யேசுவே! விடடி, விடடி!" கலிஸ்ராவின் கை தானாக விட்டுவிடும். "நோகுதோ? நோகுதோப்பா?" என்று கேட்டுக் கேட்டு அவளும் அழுவாள். கடைசியில் ஒரு நாள் அவர் கெஞ்சிக் கேட்க, இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்து அந்த முழங்காலுக்குக் கீழே வைத்தாள். மனிசன் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார். பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குத் தலையணையை எடுக்க மனம் வரவில்லை.

ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டதும் தலையணையை இழுத்துச் சூட்கேசுக்குப் பின்னால் ஒளிப்பாள். மிஸ் காலைப் பிடித்துப் பார்த்து நெற்றியைச் சுருக்குவாள்.

"இறுகிக்கொண்டு வருதே, அக்கா. நான் சொன்னதெல்லாம் செய்யிறனீங்களோ?"

"ஓம் மிஸ். தவறாமல்."

இராயப்பு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலையணை கேட்டவர் அவர்தானே, எந்த வாயால் சொல்வார்? பார்க்க வந்த சனமெல்லாம் கலிஸ்ராவைக் கொண்டாடியது. கஞ்சி பருக்குகிறாள், கால் நோகாமல் தலையணை வைக்கிறாள், தங்கமான பிள்ளை. புகழப் புகழ அவள் முகம் செத்துப்போகும். அடக்கம் என்று நினைத்தோம், விசர்ச் சனம் நாங்கள். மிஸ் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட எனக்கும் அது மறந்துபோயிருந்தது.

பொய்க்காலுக்கு அளவு எடுக்கும் நாள் வந்தது. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம், என் மனிசன்தான் ஓட்டினார். அளவெடுக்கிற பெரியவர் காலைத் தூக்கினார், நீட்டினார், அமத்தினார். முழங்கால் கதிரையில் குந்தியிருக்கிறவனின் கால் மாதிரி மடங்கியே நின்றது.

"இதுக்குக் கால் போட ஏலாது. கொண்டு போங்கோ" என்றவர் கமலாசனியின் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை பாத்தனீர்? வீட்டை போய் வந்ததெண்டு எழுதினால் மட்டும் காணுமோ? ஒரு மனிசன்ரை கால் இது."

அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்ரை பிழைதான் சேர். நான் விளங்கச் சொல்லிக் குடுக்கேல்லைப்போலை."

கலிஸ்ரா அங்கேயே நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வரும்போது பெட்டியில் இராயப்புவுக்குப் பக்கத்தில் இருக்காமல் ஒரு மூலையில் குந்தியிருந்தாள். "ஏனடி பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் மிஸ் வந்தாள். மணி அடிக்கவில்லை, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கொட்டில் வாசலில் நின்று, "அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்னாலைதான் இராயப்பு அண்ணைக்கு இப்பிடி" என்று சொல்லி முடிக்கவில்லை, கலிஸ்ரா தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். சூட்கேசுக்குப் பின்னாலிருந்து தலையணையை இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பிள்ளையின் காலடியில் போட்டாள்.

"இதைத்தான் வைச்சனான், மிஸ். ஒவ்வொரு நாளும் வைச்சனான். நீங்கள் வர எடுத்து ஒளிச்சனான். நேற்று உங்களை அவர் ஏசேக்கையும் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். நான் மனிசியில்லை. என்ரை மனிசன்ரை காலை நான்தான் ரெண்டாந்தரம் எடுத்தனான்!"

கமலாசனி அவளைத் தூக்கி அணைத்தாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவளுக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. "நான் இந்த வேலையே வேண்டாமெண்டு வீட்டை போக இருந்தனான், தெரியுமோ? ராவெல்லாம் அழுதனான். தவறாமல் செய்யிறன் எண்டு எத்தினை தரம் சொன்னனீங்கள்!" என்று கத்தினாள். பிறகு வாசலிலேயே குந்திவிட்டாள். மூவரும் ஆளையாள் பார்க்கவில்லை.

இராயப்புதான் கடைசியில் வாயைத் திறந்தார். "நான்தான் கேட்டனான், பிள்ளை. அவளை ஏசாதேங்கோ."

"அவர் கேட்டார் எண்டால் நான் குடுக்கிறதே?" என்றாள் கலிஸ்ரா.

மிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "முழுக்க வருமெண்டு என்னாலை சொல்ல ஏலாது. ஆனால் விடக் கூடாது. குப்புறப் படுக்க வைச்சு, காலிலை பாரம் போட வேணும். நான் போடமாட்டன், அக்கா. நீங்கள்தான் போட வேணும்."

கலிஸ்ரா தலையணையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பஞ்சை முற்றத்தில் கொட்டினாள். காற்றில் அது என் மிளகாய்ப் பாத்தி முழுக்கப் பறந்தது, பறக்கட்டும் என்று விட்டேன். அதே உறையில் மணலை நிரப்பித் தைத்தாள். அதைத்தான் தினமும் அவருடைய காலில் வைத்தாள். அவர் கத்தினார், தூசணத்தால் ஏசினார், "நீ பெண்டிலோ, பேயோ!" என்று அழுதார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். முன்பு அவளைக் கொண்டாடிய அதே சனம், "கல் நெஞ்சுக்காரி, நொந்த மனிசனைப் போட்டு வதைக்கிறாள்" என்றது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நான் ஒழுங்கைக்குப் போய் நாலு பேச்சுக் கொடுத்தேன். கலிஸ்ரா என் கையைப் பிடித்தாள். "விடுங்கோக்கா. அண்டைக்கு அவை புகழேக்கை வாங்கினனான்தானே. இதையும் வாங்கிறன்."

ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. முழங்கால் மெல்ல மெல்ல நீண்டு இறங்கியது. ஆனால் கடைசியில் கொஞ்சம் இறங்காமல் நின்றுவிட்டது. "இவ்வளவுதான். இதுக்கு மேலை வராது. ஆனால் கால் போடலாம்" என்றாள் கமலாசனி.

பொய்க்கால் போட்ட அன்று இரண்டு கம்புகளைப் பிடித்துக்கொண்டு இராயப்பு முதல் அடி வைத்தார். முகம் கோணியது. பழக்கத்தில் திரும்பிக் கலிஸ்ராவைப் பார்த்தார். அவள் வாயில் "நோகு..." என்று பாதி வந்ததை நான் கேட்டேன். அவள் அதை விழுங்கினாள்.

"நடவுங்கோ" என்றாள்.

பிறகொரு நாள், பொய்க்காலைத் தண்ணீர் படாமல் பொலித்தீன் சொப்பிங் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் நந்திக்கடலுக்குப் போனார். கலிஸ்ராவும் நானும் கூடப் போனோம். கரையோரத் தண்ணீரில் இறங்கி, வலையைத் தோளில் போட்டு, பல்லால் ஓரத்தைக் கவ்வி, எறிந்தார். வலை ஒரு பக்கம் இழுபட்டு நீளமாக விழுந்தது. இன்னொரு தரம் எறிந்தார். அதுவும் கோணித்தான் விழுந்தது.

கலிஸ்ரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"காத்துத்தான்" என்றார். "இண்டைக்குச் சரியான காத்து."

நான் கரையோர மரங்களைப் பார்த்தேன். ஒரு இலைகூட அசையவில்லை.