குதிரைகளின் காதுகள்

மகள் கேட்டுக் கேட்டு, இப்போது நாங்கள் வாழும் வுப்பர்டாலிலிருந்து ரயிலேறி ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குப் போயிருந்தோம். மண்டபத்தின் நடுவே வெள்ளைக் குதிரைகள் இசைக்கேற்பக் கால் மாற்றி நடந்தன. இசை நின்றதும் அவையும் நின்றன. திடீரென்று எல்லாக் காதுகளும் கதவுப் பக்கம் திரும்பின. நான் மகளின் கையைப் பிடித்தேன்.

நான் வளர்ந்த நெடுந்தீவில் எங்கள் கல்வேலிக்கு அப்பால் காட்டுக்குதிரைகள் மேயும். சண்டைக் காலத்தில் அம்மா சமைத்தபடியே அவற்றில் ஒரு கண் வைத்திருப்பார். எங்களுக்கு முன்னமே அவற்றுக்குக் குண்டு போட வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டுவிடும். அவை மேய்ச்சலை விட்டுக் கடல் பக்கம் காதைத் திருப்பினால் போதும், புகை மேலே தெரியக்கூடாதென்று அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவார்.

"குதிரையளுக்குக் கேட்டிட்டுது. கட்டிலுக்குக் கீழ போங்கோ!"

எங்களுக்கு ஒன்றும் கேட்காது. நனைந்த சாம்பல் மணத்தில், அம்மாவின் கைக்குள் மூச்சடக்கிக் கிடப்போம். ஒன்றுமே கேட்காத அந்த நேரம்தான் எனக்குக் குண்டுச் சத்தத்தைவிடப் பயம். பிறகு கூரை அதிரத் தொடங்கும்.

மண்டபத்தில் கைதட்டல் கேட்டபோது நான் மகளை, நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்குக்குக் கீழே பாதி இழுத்திருந்தேன். கதவால் வந்தவர் குதிரைகளுக்கான கரட் வாளியோடு நின்றார். மகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்று என் அம்மா குதிரைகளைப் பார்த்ததுபோல என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு என்ன கேட்டது?"

"ஒண்டும் கேக்கேல்லையம்மா" என்றேன்.

அவள் வாங்குக்குக் கீழே முழுவதுமாக இறங்கிவிட்டாள்.