வருகைக்காக மூட்டிய உலை

புதன்கிழமை காலை காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பிக் கூடையைக் கையில் எடுத்தபோது தொலைபேசி அடித்தது. பாரோயிலிருந்து அரியமுத்து அண்ணனின் மகள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. தேத்தண்ணி கொண்டு போய் எழுப்புனேன், எந்திரிக்கல" என்றார். கூடையைக் கீழே வைத்தேன். துக்கம் ஒரு பக்கம் இருக்க, அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உறுத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக: அண்ணன் நீலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். எழுபதுகளில் அந்தத் தோட்டத்து ஓரத்தை வெட்டி ஓர் எஃகு ஆலை கட்டினார்கள். பழைய இரும்பை மின் உலையில் உருக்கி, வீடு கட்டும் கம்பியாக இழுக்கும் ஆலை. அரசாங்க அதிகாரி ஒருவர் தோட்டத்துக் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாட்டுக்கு வேண்டிய இரும்பை நாமே செய்யப் போகிறோம், வெளிநாட்டுக் கம்பிக்கு வரி போட்டு உங்களைக் காப்பது எங்கள் பொறுப்பு என்றார். அவர் மலாயில் பேசப் பேச, அண்ணன்தான் தமிழில் எடுத்துச் சொன்னார். ஆகவே சனங்கள் காதில் விழுந்த வாக்குறுதி அண்ணனுடைய குரலில் இருந்தது.

அந்தக் குரலை நம்பி இருபது குடும்பங்கள் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆலைக்கு வந்தன. அண்ணன் உலைக்கு மண்டோர் ஆனார். நான் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி.

உலை வேலையில் அவர் கறாரானவர். இரும்புக் குவியலில் ஈரம் இருந்தால் உலைக்குள் போனதும் வெடிக்கும். ஒருமுறை மழையில் நனைந்த இரும்பை உடனே கொட்டச் சொல்லி மேலாளர் அவசரப்படுத்தினார். அண்ணன் உலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "மொதல்ல எம்மேல கொட்டுங்க, அப்புறம் உள்ள கொட்டலாம்" என்றார். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அன்று உலையருகே நின்ற ஆறு பேரும் சாயங்காலம் முழுதாக வீடு போனார்கள்.

எண்பதுகளில் காற்று மாறியது. அரசாங்கம் வரியைக் கொஞ்சம் குறைத்தது. சிரம்பான் இரும்புக் கடைகளில் வெளிநாட்டுக் கம்பி மலையாகக் குவிந்தது. தினமும் எரிந்த உலை வாரத்துக்கு ஒருநாள் எரிந்தது. மிச்ச வரியையும் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபிறகு எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் சைக்கிளை மிதிப்போம்.

அண்ணன் சொல்லச் சொல்ல, வரியை எடுக்காதீர்கள் என்று அரசாங்கத்துக்கு மனுக்களைத் தட்டச்சு செய்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது.' அண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்புட்டு நாளைக்கு லா கவனத்துலயே வச்சிருப்பாங்க? கையி வலிக்காதா?" என்பார். சிரிப்போம். சிரித்து முடித்ததும் அடுத்த மனுவுக்குத் தாள் செருகுவேன்.

கடைசியில் அதிகாரிகளே நேரில் வந்து நிலவரத்தைப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. இங்கேதான் எங்கள் தோட்டத்துப் பழக்கம் தலைகாட்டியது. பெரிய துரை வருகிறார் என்றால் லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கால்வாயை வாருவோம், காய்ச்சல்காரனுக்கும் வெள்ளைச் சட்டை மாட்டி வரிசையில் நிறுத்துவோம். குறை கண்ணில் படக்கூடாது. பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம். "வர்றவங்க முன்னாடி அழுக்கா நிக்கிறதா? நம்ம கைவேலையப் பாக்கட்டும், அப்பதான் காப்பாத்தணும்னு தோணும்" என்றார் அண்ணன். மூன்று வாரத்து இரும்பைச் சேர்த்து வைத்தோம். வருகை நாளில் எல்லோரும் வேலைக்கு வந்தோம். அன்று உலை எரிந்த அழகு இருக்கிறதே, பழைய நாட்களிலும் அப்படி எரிந்ததில்லை. அதிகாரிகள் "பாகுஸ், பாகுஸ்", நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார்கள். அண்ணன் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

அதே வாரம் பக்கத்துத் தோட்டத்து நிர்வாகி, மாத முடிவுக்குள் வருகிறவர்களுக்கு வேலையும் வீடும் தருவதாகச் சொல்லி அனுப்பினார். சனங்கள் அண்ணனிடம்தான் வந்து கேட்டார்கள். "கண்ணால பாத்துட்டுப் போயிருக்காங்க. கைவிட மாட்டாங்க. இருங்க" என்றார். இருந்தார்கள்.

மூன்றே மாதத்தில் வரி போனது, கதவில் பூட்டு விழுந்தது. ஆலை நன்றாக இயங்குகிறது, பாதுகாப்பு அவசியமில்லை என்று அதிகாரிகள் அறிக்கை எழுதியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டம் தருவதாகச் சொன்ன வீடுகளும் அதற்குள் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. நீலாயில் புதிதாக வந்த தொழிற்சாலைகள் சின்ன வயசுக்காரர்களைத்தான் எடுத்தன. உலையில் வெந்த கைகள் அவர்களுக்கு எதற்கு?

அண்ணன் அதன்பிறகு பழைய மனிதர் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு மலிவு வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். சிலருக்குக் கிடைத்தது. பாரோயில் மகள் வீட்டில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு: "நாந்தான் தம்பி உலைய மூட்டுனேன். மூட்டாம இருந்திருந்தா நம்ம நெலம அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே உலையில் கூட வேலை செய்த ஒருவர் நின்றிருந்தார். "நல்ல மனுசன் லா. ஆனா அன்னிக்கு அவரு மட்டும் அந்த உலைய மூட்டலேன்னா..." என்று பெருமூச்சு விட்டார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நான் வரிசையில் போய் நின்றேன். வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அண்ணன் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் என் வாய் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை, பாவி நான்.

இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அதிகாரிகள் வந்த அன்று, கார் நிறுத்தும் இடத்தில், அவர்களோடு வந்த தமிழ் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "இதெல்லாம் சும்மா சடங்கு அண்ணே. போன வாரமே வரிய எடுக்கக் கையெழுத்தாயிடுச்சு. வெளிய சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்" என்றார். என் வேலையும் போய்விடும் என்று நானும் பயந்தேன். அண்ணன் சனங்களிடம் "இருங்க" என்று சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் இருபது குடும்பங்களும் பக்கத்துத் தோட்டத்து வேலைக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு சொல்ல நினைத்த ஒவ்வொரு முறையும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற வெட்கம்.

அண்ணே, நீங்கள் உலையை மூட்டியிருந்தாலும் மூட்டாவிட்டாலும் அந்தக் கதவு பூட்டப்பட்டிருக்கும். கோயில் வாசலில் வாக்குக் கொடுத்தது அரசாங்கம், அதைக் கைவிட்டதும் அரசாங்கம். தெரிந்தும் வாய் மூடி நின்றது நான். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை அண்ணே. போய் வாருங்கள்.